இரவு முழுவதும் ரெண்டர் ஓட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடியில் திருமண வீடியோக்களையும் கோயில் விழா வீடியோக்களையும் எடிட்டிங் செய்து தரும் தொழிலில் இருப்பவன் நான். முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் எங்கள் வட்டாரத்து ஸ்டுடியோக்களில் "ரெண்டர் இன்னும் முடியவில்லை" என்ற பேச்சுத்தான் எங்கும் கேட்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், எடிட்டிங் முடிந்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும் என்கோடிங் வேலைக்காகக் கணினிகள் விடியவிடிய ஓடுகின்றன. அவற்றின் பக்கத்தில் வேலை பார்க்கும் பையன்கள் கண்விழித்துக் காத்திருக்கிறார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் வீடியோ எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்த நேரத்தில் பெரும்பகுதி தேவையற்றது. படத்தின் தரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையாமலே அதைக் குறைக்க முடியும். இதை எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும், வீட்டு விசேஷங்களைத் தாங்களே எடிட் செய்து பார்க்கும் வாசகர்களுக்கும் உங்கள் நாளிதழின் வழியாக விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். 1940-களில் ஏவி.எம். ஸ்டுடியோ இதே தேவகோட்டை ரஸ்தாவில்தான் இயங்கியது. 1948-இல்தான் சென்னைக்குப் போனது. படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, எனக்கும் உண்டு. மணப்பெண் கழுத்தில் அணியும் கழுத்திரு என்ற தங்க ஆரத்தின் வேலைப்பாடு மங்கித் தெரிந்தால் எந்த வீட்டு ஆச்சியும் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஏற்றுக்கொள்ளவும் கூடாது. அந்தத் தரத்துக்குத் துளியும் உதவாத இடத்தில் மணிக்கணக்கில் நேரம் போகிறதே என்பதுதான் என் கவலை.

நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்க்கலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர வீடியோவில் 90,000 ஃபிரேம்கள் இருக்கின்றன. 1920-க்கு 1080 என்ற முழு எச்.டி. அளவில் ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்காமல் அப்படியே எழுதினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 280 ஜி.பி. இடம் வேண்டும். அதையே நொடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் சுருக்கினால் 3.6 ஜி.பி.க்குள் அடங்கிவிடுகிறது. எழுபது மடங்குக்கு மேல் நடக்கும் இந்தச் சுருக்கத்தில் மிகப் பெரும் பங்கு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறாமல் இருப்பதைத் திரும்ப எழுதாமல் விடுவதால் கிடைப்பது. 2003-இல் வெளியான எச்.264 முறை ஒவ்வொரு ஃபிரேமையும் 16-க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கட்டத்தில் உள்ள படம் முந்தைய ஃபிரேமிலோ, பின்னால் வரப்போகும் ஃபிரேமிலோ எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுகிறது. கிடைத்தால் இடத்தையும் சிறு வேறுபாட்டையும் மட்டும் குறித்துக்கொள்கிறது. புராஸசரின் உழைப்பில் பெரும்பகுதி இந்தத் தேடலிலும், கட்டத்தை எப்படியெல்லாம் பிரித்து எழுதினால் குறைவான பிட்டுகளில் முடியும் என்று ஒவ்வொரு வழியாக எழுதிப் பார்ப்பதிலும்தான் போகிறது.

ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டுமாக நீளும் எங்கள் பக்கத்து வீட்டில் தொலைந்த சாவியைத் தேடுவது போன்றது இந்த வேலை. வழக்கமாக வைக்கும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். எல்லா அறையையும், எல்லாப் பரணையும் ஒன்று விடாமல் பார்த்தாலும் பெரும்பாலான நாள்களில் அதே சாவி அதே இடத்தில்தான் இருக்கும். பொழுது மட்டும் போயிருக்கும். என்கோடரும் அப்படித்தான். முதல் கொஞ்ச நேரத் தேடலில் கிடைக்கும் பயன் மிகப் பெரிது. அடுத்த மடங்கு நேரத்தில் கிடைப்பது சிறிது. அதற்கடுத்த மடங்கில் கிடைப்பதைக் கருவியால் அளக்கலாம், கண்ணால் காண முடியாது.

எச்.264 கோப்புகளை உருவாக்கும் எக்ஸ்264 என்ற இலவச என்கோடரில் இந்தத் தேடலின் அளவைத் தீர்மானிப்பவைதான் ப்ரீசெட்கள். அல்ட்ராஃபாஸ்ட், சூப்பர்ஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ, ஸ்லோவர், வெரிஸ்லோ என்று அவை வரிசையாகப் போகின்றன. எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்களுக்குள் இருப்பதும் இதே என்கோடர்தான். எங்கள் வட்டாரத்தில் பலர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பக்கம் இருக்கும் வெரிஸ்லோவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதுவாகச் செய்தால் நன்றாக வரும் என்ற நம்பிக்கை கையால் செய்யும் தொழில்களுக்குப் பொருந்தலாம். இங்கே அது பாதிதான் உண்மை. தரத்தை நிலையாக வைத்து என்கோடிங் செய்யும்போது மெதுவான ப்ரீசெட் நமக்கு வாங்கித் தருவது முக்கியமாக இடத்தைத்தான். கோப்பு சற்றுச் சிறிதாகிறது, படம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. 32 ஜி.பி. பென்டிரைவில் பாதி காலியாகக் கிடக்கும்போது, கோப்பைக் கொஞ்சம் சிறிதாக்குவதற்காக மீடியம் ப்ரீசெட் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரத்தை எதற்காகக் கொடுக்க வேண்டும்?

அதற்காக எதிர்ப்பக்கத்தின் கோடிக்கும் போய்விடக் கூடாது. அல்ட்ராஃபாஸ்டில் வேகத்துக்காக முன்பின் ஃபிரேம்களைப் பார்த்து எழுதும் பி-ஃபிரேம்கள் நிறுத்தப்படுகின்றன, கட்டங்களின் ஓரங்களை மழுக்கும் டீபிளாக்கிங் நிறுத்தப்படுகிறது, இருளான பகுதிகளுக்கும் சமதளமான பகுதிகளுக்கும் பார்த்துப் பிட்டுகளைப் பங்கிடும் வசதியும் நிறுத்தப்படுகிறது. முகத்தில் சதுரம் சதுரமாகத் தெரிவதன் காரணம் அதுதான். என் அனுபவத்தில் நம் வேலைகளுக்கு ஃபாஸ்ட், மீடியம் இரண்டுமே போதும். அவசரமென்றால் வெரிஃபாஸ்ட் வரை இறங்கலாம். அதற்குக் கீழே வாடிக்கையாளரிடம் கொடுக்கும் கோப்பைச் செய்யவே கூடாது.

மேலே 'தரத்தை நிலையாக வைத்து' என்று சொன்னேன்; முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களின் எக்ஸ்போர்ட் பெட்டி நம்மிடம் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பதைக் கேட்கிறது. நாமும் பயத்தில் ஒரு பெரிய எண்ணைப் போட்டு, அதற்கு மேல் 'டூ பாஸ்' என்பதையும் சேர்த்துவிடுகிறோம். டூ பாஸ் என்றால் வீடியோ முழுவதையும் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது. முதல் முறை எங்கே எவ்வளவு பிட் தேவை என்று கணக்கெடுக்கிறது, இரண்டாம் முறை எழுதுகிறது. கோப்பு இத்தனை ஜி.பி.க்கு மேல் போகவே கூடாது என்ற கட்டாயம் இருந்தால், அதாவது ஒரு டி.வி.டி.க்குள் அடக்க வேண்டியிருந்தால், இது சரியான வழி. அந்தக் கட்டாயம் இல்லாதபோது சி.ஆர்.எஃப். என்ற முறை ஒரே ஓட்டத்தில் அதே தரத்தைத் தந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் இது 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்ற பெயரில் இருக்கிறது. 0 முதல் 51 வரை உள்ள எண்களில் ஒன்றை நாம் சொல்கிறோம். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். எக்ஸ்264-இல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 23 என்று எடுத்துக்கொள்ளும். எண்ணில் 6 கூட்டினால் பிட்ரேட் ஏறத்தாழப் பாதியாகும், 6 குறைத்தால் இரு மடங்காகும். முழு எச்.டி. வீடியோவுக்கு 20 முதல் 24 வரை வைக்கலாம் என்பது ஹேண்ட்பிரேக் குழுவினரின் பரிந்துரை. 18-க்குக் கீழே போனால் மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு காண்பவர் அரிது. கோப்பு பெருத்துக்கொண்டே போவதுதான் மிச்சம்.

இந்த முறையின் அருமை நம் ஊர் விழாக்களில்தான் நன்றாகப் புரிகிறது. கம்பன் விழாவில் ஒருவர் மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறார் என்றால் பின்னணி அசைவதே இல்லை. கையும் முகமும்தான் அசைகின்றன. என்கோடருக்கு அங்கே வேலையே இல்லை, மிகக் குறைந்த பிட்டுகளில் முடித்துவிடும். அதே எண்ணை வைத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டை என்கோடிங் செய்து பாருங்கள். ஓடும் மாடுகள், கிளம்பும் புழுதி, அலைமோதும் கூட்டம் என்று ஒவ்வொரு ஃபிரேமும் புதிதாக இருப்பதால் கோப்பு பல மடங்கு பெரிதாகும், பெரிதாகத்தான் வேண்டும். கும்பாபிஷேகத்தில் கோபுரத்திலிருந்து தீர்த்தம் தெளிக்கும் காட்சியும், மணமக்கள் மீது அட்சதையும் பூவும் விழும் காட்சியும் இதே வகை. முந்தைய ஃபிரேமில் தேடினால் கிடைக்காத ஆயிரக்கணக்கான துளிகளும் இதழ்களும் அவற்றில் இருக்கின்றன. நிலையான பிட்ரேட் வைத்தவர் மேடைப் பேச்சில் பிட்டுகளை வீணடிக்கிறார், தீர்த்தம் தெளிக்கும் இடத்தில் பற்றாக்குறையால் படத்தைக் குழப்பிவிடுகிறார். சி.ஆர்.எஃப். இரண்டையும் அதனதன் தேவைப்படி பார்த்துக்கொள்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் எடுத்த படங்களில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. வெளியூர் எடிட்டர்கள் சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அவையே காரணம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசி இழைத்த சுவர்கள் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும். வளவு என்ற உள்முற்றத்தின் திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் அந்தச் சுவரில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு அழகான அந்தப் படிப்படியான மங்கல், பிட் பற்றாக்குறை வந்தவுடன் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். வேகமான விளிம்புகளில் நம் கண் பெரும்பிழையையும் மன்னிக்கும், வெறுஞ்சுவரில் சிறுபிழையையும் மன்னிக்காது. ஆத்தங்குடித் தரையோ இதற்கு நேர் எதிர். கேமரா அசையாதவரை ஒன்றுமில்லை, ஆட்டத்தைக் குறைக்கும் கிம்பல் பிடியில் கேமராவை வைத்து நடந்துகொண்டே எடுத்தால் ஒரே மாதிரியான பூவேலை திரும்பத் திரும்ப வருவதால் தேடல் தடுமாறும். கண்டாங்கிச் சேலையின் நெருக்கமான கட்டங்கள் மற்றொரு சோதனை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையை 4கே-யில் எடுத்து, மோசமான முறையில் முழு எச்.டி.க்குச் சுருக்கினால், நெசவில் இல்லாத அலைகள் துணியில் நெளியும். அது என்கோடரின் குற்றமன்று, அளவைச் சுருக்கும் முறையின் குற்றம். ப்ரீசெட்டை எவ்வளவு மெதுவாக்கினாலும் அது தீராது. பட்டாலை என்ற கூடத்தின் உள்பகுதியில், தேக்குத் தூண்களுக்குப் பின்னால், விளக்கொளியில் எடுத்த காட்சிகளில் கேமராவின் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் ஏறிப் பொரிப்பொரியாக நாய்ஸ் வரும். அந்தப் பொரி ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுவதால் என்கோடர் அதைப் படம் என்றே நினைத்து, அதைக் காப்பாற்றவே பிட்டுகளையும் நேரத்தையும் கொட்டும்.

ஆகவே யார் சொன்ன எண்ணையும், என் எண்ணையும் சேர்த்துத்தான், நம்பாமல் அவரவர் படத்தில் சோதித்துப் பார்ப்பதே முறை. முழு வீடியோவையும் ஓட்ட வேண்டியதில்லை. பூ விழும் இடம், இருண்ட பட்டாலை, வெறுஞ்சுவர், பட்டுச் சரிகையும் கழுத்திருவும் நெருக்கத்தில் தெரியும் இடம் என மிகக் கடினமான நான்கு இடங்களிலிருந்து அரை அரை நிமிடம் எடுத்துச் சேர்த்தால் இரண்டு நிமிடக் கோப்பு ஒன்று கிடைக்கும். மணப்பெண் புன்னகைக்கும் அழகான குளோசப்பைச் சோதனைக்கு எடுப்பதில் பயனில்லை, அது எந்த எண்ணிலும் நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை ஒரே ப்ரீசெட்டில் 18, 20, 22, 24 என்று நான்கு கோப்புகளாக்கி, எது எது என்று தெரியாதபடி பெயரை மாற்றி, வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது போன்ற ஒரு டி.வி.யில், உட்கார்ந்து பார்க்கும் தூரத்திலிருந்து, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தி, நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாக் கோப்பிலும் குறை தெரியும். அப்படிப் பார்க்கும் பார்வையாளர் எந்த வீட்டிலும் இல்லை. அதே நேரம், நிறுத்திப் பார்த்தால் தெரியாமல் ஓடும்போது மட்டும் தெரிகிற குறைகளும் உண்டு. சில நொடிகளுக்கு ஒருமுறை, வேறு ஃபிரேமைச் சாராமல் தனியாக எழுதப்படும் முழு ஃபிரேம் புதிதாக வரும்போது சுவர் லேசாகத் துடிப்பதுபோல் தெரிவது அதில் ஒன்று. குறை தெரியாத கோப்புகளில் எந்த எண் பெரியதோ அதையே அந்த கேமராவுக்கும் அந்த வகை நிகழ்ச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். ப்ரீசெட்டை மாற்றினால் மட்டும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே எண் எல்லா ப்ரீசெட்டிலும் அச்சு மாறாமல் ஒரே தரத்தைத் தருவதில்லை. எண்ணால் அளக்க விரும்புவோருக்கு நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வி.மாஃப் என்ற அளவுகோல் இருக்கிறது. மூலத்தோடு நகலை ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும். அது நல்ல துணை. இருந்தாலும் சுவரில் விழும் பட்டைகளைப் பொறுத்தவரை நான் கண்ணைத்தான் நம்புவேன்.

என்கோடிங்கே தேவைப்படாத இடங்களில் அதைச் செய்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வீண். கேமராவிலிருந்து வரும் எம்.டி.எஸ். கோப்பு டி.வி.யில் ஓடவில்லை, எம்.பி.4 ஆக மாற்ற வேண்டும் என்று கொண்டுவருவார்கள். நீண்ட சொற்பொழிவு பல துண்டுகளாகப் பதிவாகியிருக்கிறது, சேர்த்துத் தர வேண்டும் என்பார்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் வெட்டினால் போதும் என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் உள்ளே இருக்கும் எச்.264 படத்தைத் தொடவே வேண்டியதில்லை. படத்தையும் ஒலியையும் அடைத்துவைக்கும் பெட்டியை, அதாவது கோப்பின் வடிவத்தை மட்டும் மாற்றலாம். எஃப்எஃப்எம்பெக்கில் 'காப்பி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்; கட்டளைகள் எழுத வராதவர்களுக்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு மணி நேர வீடியோ ஹார்டு டிஸ்கில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் நேரத்தில் வேலை முடிந்துவிடும், தரம் ஓர் அணுவும் குறையாது. வெட்டும் இடம் முழு ஃபிரேம் இருக்கும் புள்ளியில் அமைய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. சொற்பொழிவில் ஓரிரு நொடி முன்னே தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் முழுப் பேச்சையும் மறுபடி மறுபடி என்கோடிங் செய்வதால் நேரம் போவது ஒருபுறம் இருக்கட்டும். சுருக்கியதையே திரும்பச் சுருக்கச் சுருக்க ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் கெடுகிறது. அந்தப் பேச்சாளர்களில் சிலர் இனி மேடையேற முடியாத வயதில் இருக்கிறார்கள். இருக்கும் ஒரே பதிவை நாமே கெடுப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கிராபிக்ஸ் கார்டு வழியாக என்கோடிங் செய்வதைப் பற்றி இருவேறு கருத்துகள் உலவுகின்றன. இன்டெல் புராஸசர்களில் 2011 முதல் இருக்கும் குவிக் சிங்க், என்விடியா கார்டுகளில் 2012 முதல் இருக்கும் என்வெங்க் ஆகியவை என்கோடிங்குக்கென்றே சிப்பில் அமைந்த தனிப் பகுதிகள். வேகம் மிக அதிகம். ஆரம்ப காலத்தில் இவற்றின் படம் சுமாராக இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் பெற்ற கெட்ட பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது சரியன்று. 2018-இல் வந்த டியூரிங் தலைமுறையிலிருந்து என்விடியாவின் தரம் வெகுவாக உயர்ந்திருக்கிறது. அதே பிட்ரேட்டில் எக்ஸ்264-இன் மெதுவான ப்ரீசெட்கள் இன்றும் ஒரு படி மேலேதான். ஆனால் கோப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை என்ற இடத்தில் பிட்ரேட்டைச் சற்று உயர்த்தினால் அந்த ஒரு படி மறைந்துவிடும். யூடியூபில் ஏற்றப்போகும் வீடியோவுக்கு இதுவே பொருத்தமான வழி. நாம் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சுருக்கி அனுப்பினாலும் யூடியூப் தன் பங்குக்கு அதைத் திரும்ப ஒருமுறை என்கோடிங் செய்யத்தான் போகிறது. முழு எச்.டி., நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம் என்றால் 8 மெகாபிட் என்பது அவர்களுடைய பரிந்துரை. வீட்டு இணைய இணைப்பு தாங்குமானால் அதைப்போல் இரு மடங்கு வைத்து, கிராபிக்ஸ் கார்டில் சில நிமிடங்களில் முடித்து, ஏற்றிவிடலாம். வெரிஸ்லோவில் இரவெல்லாம் ஓட்டிய கோப்பையும் இதையும் யூடியூபிலிருந்து இறக்கிப் பார்த்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பென்டிரைவ் விஷயத்தில் 4 ஜி.பி. என்ற எல்லை பலரைத் தொல்லைப்படுத்துகிறது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது, பழைய டி.வி.கள் பல அந்த முறையை மட்டுமே படிக்கும். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 71 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். மூன்று மணி நேரத் திருமணத்தை இந்த 4 ஜி.பி.க்குள் திணிக்க வேண்டும் என்றுதான் டூ பாஸ், வெரிஸ்லோ என்று போகிறார்கள். அவ்வளவு செய்தும் படம் நசுங்கத்தான் செய்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, திருப்பூட்டுதல், திருமண ஒப்பந்தம் எழுதும் இசைகுடிமானம், விருந்து என்று நிகழ்ச்சி வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தால் எல்லைப் பிரச்சினையே எழாது. வீட்டாருக்கும் வேண்டிய இடத்தை எடுத்துப் பார்க்க வசதி.

ரெண்டர் தாமதத்துக்கு என்கோடரே காரணம் என்று முடிவு கட்டும் முன் டாஸ்க் மேனேஜரை ஒருமுறை திறந்து, புராஸசர் முழுதாக உழைக்கிறதா, காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாய்ஸ் நீக்கும் பிளகின், ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர், பல அடுக்கு டிரான்சிஷன்கள் ஆகியவை என்கோடருக்கு ஃபிரேம் போய்ச் சேர்வதையே தாமதப்படுத்துகின்றன. அப்படியானால் ப்ரீசெட்டை எவ்வளவு வேகமாக்கினாலும் பயன் இருக்காது. நாய்ஸ் நீக்கத்தை வீடியோ முழுவதற்கும் போடாமல் இருண்ட காட்சிகளுக்கு மட்டும் போடலாம். ஒரே டைம்லைனிலிருந்து பென்டிரைவுக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று என்று மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்பவர்கள், முதலில் ஒரே ஒரு முறை புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். போன்ற அதிகம் சுருக்காத வடிவில் ஒரு மூலக்கோப்பை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து செய்தால் எஃபெக்ட்களின் சுமை ஒரு தடவையோடு போய்விடும். முழு எச்.டி. டி.வி.யில் பார்க்கப்போகும் வீட்டுக்கு 4கே-யில் கொடுப்பதும் யோசிக்க வேண்டியது. 4கே-யில் புள்ளிகள் நான்கு மடங்கு, உழைப்பும் ஏறத்தாழ அப்படியே.

சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் ஓடும் லேப்டாப், சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்விசிறியில் அடைந்த தூசியைத் துடைப்பதே சில கணினிகளில் பாதி வைத்தியம். மின்தடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எம்.பி.4 கோப்பின் அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் கரண்ட் போனால் அதுவரை எழுதிய அத்தனையும் ஓடாத கோப்பாகிவிடும். எம்.கே.வி. வடிவில் எழுதினால் போன இடம் வரை ஓடும். ஆகவே எம்.கே.வி.யில் என்கோடிங் செய்து, முடிந்தபின் நான் மேலே சொன்ன 'காப்பி' முறையில் எம்.பி.4 ஆக்கிக்கொள்வது நல்லது. மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

எச்.265, ஏ.வி.1 ஆகிய புதிய முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் வந்த எச்.265, அதே தரத்தைப் பாதி பிட்ரேட்டில் தர வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவானது. 2018-இல் வந்த ஏ.வி.1 உரிமக் கட்டணம் இல்லாமல் அதனினும் சிறப்பாகச் சுருக்க முயல்கிறது. இரண்டுமே புராஸசரில் ஓடும்போது எச்.264-ஐவிட மிகுந்த நேரம் எடுப்பவை. 4கே-யை நெடுங்காலம் சேமித்து வைக்க அவை பயன்படலாம். பூட்டிய வீட்டில் விசேஷத்துக்கு மட்டும் போடப்படும் பழைய டி.வி.யில் ஓட வேண்டிய வீடியோவுக்கு எச்.264 போதும், அதுதான் ஓடவும் செய்யும். ஒலியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாதஸ்வரத்தைக் கெடுக்காத 256 கிலோபிட் ஏ.ஏ.சி. ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 115 எம்.பி.தான்; அதை என்கோடிங் செய்ய ஆகும் நேரமும் கணக்கில் வராத அளவுதான்.

இவை எதுவும் ரகசியமல்ல. இலவச மென்பொருள்களின் கையேடுகளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பவைதான். எங்கள் தொழிலுக்கு வரும் இளைஞர்களில் பலர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வருகிறார்கள். அந்தக் கையேடுகள் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. ரெண்டர் தாமதம் என்று சொன்னால், புதிய கணினி வாங்குங்கள் என்று விலைப்பட்டியலை நீட்டுவோர்தான் அவர்களைச் சுற்றி இருக்கிறார்கள். சீசனில் சம்பாதித்தது முழுவதையும் கடனோடு சேர்த்துக் கணினியில் போட்டுவிட்டு, அதிலும் பழைய வழக்கப்படியே வெரிஸ்லோவையும் டூ பாஸையும் வைத்துக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். வாரம் ஒருமுறையேனும் இத்தகைய தொழில்நுட்பங்களைத் தமிழில், படத்தோடும் எண்ணோடும் விளக்கும் ஒரு பகுதியை உங்கள் நாளிதழ் தொடங்க வேண்டும். வட்டாரத்தில் உள்ள புகைப்பட, வீடியோ கலைஞர் சங்கங்கள் கேமரா அறிமுகக் கூட்டங்களுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை இதற்கும் காட்டி, சீசன் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஒரு நாள் பயிற்சி நடத்த வேண்டும். மேலே சொன்ன கடினமான காட்சிகளைக் கொண்ட சோதனைக் கோப்பு ஒன்றை, வீட்டாரின் அனுமதி பெற்று, அத்தகைய பயிற்சிக்கு நானே கொண்டுவந்து காட்டவும் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வீடியோ எடிட்டர்,
காரைக்குடி.